ராகி பிஸ்கட்டில் ராகி எவ்வளவு? கவரை நம்பி வாங்கலாமா?

கோவில்பட்டிக்காரி:
அம்மாவுக்குச் சுகர். டீயில் சர்க்கரையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. சாயங்காலம் அந்த வெறும் டீயோடு நாலு ராகி பிஸ்கட் சாப்பிடுவார். கவரில் கேழ்வரகுக் கதிர் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்து அவரே எடுத்து வருவார். போன வாரம் சும்மா பின்பக்கம் திருப்பினேன். பொடி எழுத்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். முதலில் ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்’, அதாவது மைதா. அடுத்து சர்க்கரை, பாமாயில். அதற்கும் கீழே ராகி, 9%. 150 கிராம் பாக்கெட்டில் பதிமூன்றரை கிராம்! சர்க்கரை 100 கிராமுக்கு 24. நாலு பிஸ்கட்டைத் தராசில் வைத்தேன், 32 கிராம். டீயில் விட்ட சர்க்கரையை ஒன்றரை ஸ்பூனுக்கு மேல் பிஸ்கட்டில் தின்றிருக்கிறார். மனசே ஆறவில்லை. அம்மா தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். ‘மைதா’ என்று தமிழில் இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டார். இதற்குச் சட்டம் இல்லையா?

அடுப்படி அண்ணன்:
பேக்கரி வைத்திருக்கிறேன் தங்கச்சி. ராகியில் மைதா மாதிரிப் பிடிப்பு கிடையாது, தனியாகப் போட்டால் உதிரும். அதனால் கோதுமையோ மைதாவோ கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் 9% பெயருக்குப் போடுவது. நாங்கள் பாதிக்குப் பாதி போடுகிறோம், நன்றாகவே வருகிறது. ஒன்று நினைவில் வையுங்கள்: எது எடை அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயரைப் பார்த்தாலே போதும்.

மாத்திரைப் பெட்டி:
பெயரில் ராகி என்று சொன்னால் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். அந்த 9% அதனால்தான் இருக்கிறது. மொழிதான் சிக்கல். ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. அப்புறம், ‘சுகர் ஃப்ரீ’ என்பதற்கு மாறிவிடாதீர்கள். 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லையென்றால் அப்படிப் போடலாம். மைதா அதில் கணக்கில்லை. மாவுச்சத்தில் இருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியும் சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள்.

கோவில்பட்டிக்காரி:
ரொம்ப நன்றி. நேற்று ஒரு அட்டையில் ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்’, ‘சுகர்’, ‘பாம் ஆயில்’ மூன்றையும் ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டுக் கொடுத்தேன். அம்மா பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டார். வறுகடலை வாங்கி வந்திருக்கிறார். இன்வர்ட் சிரப், லிக்விட் குளுகோஸ் இரண்டையும் இன்று சேர்க்கப் போகிறேன். சர்க்கரைக்கு வேறு என்னென்ன பெயர் போடுகிறார்கள்? அட்டையில் இன்னும் இடம் இருக்கிறது.