ஆறு நாள் காட்டுப் பயணத்துக்கு எந்த லென்ஸ்: 200-500ஆ, 150-600ஆ, 300 பிஎஃப்பா?

தவிட்டுக்குருவி:

வணக்கம். இன்னும் ஏழு வாரத்தில் முதல்முறையாகக் காட்டுக்குப் போகிறேன். நான்கு நாள் திறந்த ஜீப்பில் காலையும் மாலையும் சுற்றல், கடைசி இரண்டு நாள் ஆற்றில் படகு. கையில் இருப்பது நிக்கான் டி7500 கேமரா. கூடவே 18-140 மிமீ, ஏஎஃப்-பி வகை 70-300 மிமீ என இரண்டு லென்ஸ். மொட்டை மாடியில் நின்று பறவை எடுத்துப் பழகியதில் 300 எட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. படத்தில் முக்கால்வாசியை வெட்டி எறிந்தால்தான் குருவி குருவியாகத் தெரிகிறது.

மூன்று லென்ஸ்களை யோசித்து வைத்திருக்கிறேன். நிக்கான் 200-500 எஃப் 5.6, சிக்மா 150-600 கன்டெம்பரரி, நிக்கான் 300 எஃப் 4 பிஎஃப்போடு (எடை குறைந்த வகை லென்ஸ்) 1.4 டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் நீளத்தை 1.4 மடங்காக்கும் இணைப்பு). விமர்சனம் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஜீப்பில் ட்ரைபாட் விரிக்க இடம் இருக்காதாம். எனக்கு வலது தோளில் பழைய வலி ஒன்றும் உண்டு. 600 வரை போகிறது என்பதால் சிக்மாவே வாங்கிவிடலாம் என்று மனம் சொல்கிறது. சரியா?

மீன்கொத்தி:

பறவைன்னா 600 எடுங்க, யோசிக்கவே வேணாம். எவ்வளவு நீளம் இருந்தாலும் பறவைக்குப் பத்தாது. 500 வாங்கிட்டு "இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா"ன்னு புலம்பின ஆள் நான்.

கரடிமாமா:

தம்பியோ தங்கச்சியோ, பெட்டி மேல போட்டிருக்கிற நம்பரைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. முதல்ல ஒரு கணக்கு போடுவோம். மிருகத்தோட அளவை லென்ஸ் மிமீயால பெருக்கி, தூரத்தால வகுத்தா, கேமராவுக்குள்ள படம் பதியற சென்சார் மேல அது எத்தனை மிமீ விழும்னு வந்துடும். உங்க டி7500 சென்சார் 23.5க்கு 15.7 மிமீ.

ஒரு சின்ன மீன்கொத்தி (மேல பதில் போட்டவர் இல்ல, நிஜ மீன்கொத்தி) 16 செ.மீ. நீளம். 20 மீட்டர் தூரத்துல உக்காந்திருக்கு. 500ல எடுத்தா 4 மிமீ. 600ல எடுத்தா 4.8. அந்த 100 மிமீ நமக்குத் தர்றது 0.8 மிமீ, அவ்வளவுதான். அதே 500ஓட, படகுக்காரர் இன்ஜினை நிறுத்திட்டு ஓட்டத்துலயே 15 மீட்டருக்கு மிதக்க விட்டார்னா 5.3 மிமீ. பறவை பதறாத அளவுக்குத்தான் நெருங்கணும், அது வேற விஷயம். ஆனா நல்ல படகுக்காரர் எந்த லென்ஸையும் விட நீளம்.

இப்ப மறுபக்கம் பாருங்க. 3 மீட்டர் உயர யானை 25 மீட்டர்ல ரோட்டைக் கடக்குது. 200ல வெச்சா 24 மிமீ. உங்க சென்சார்ல தலையும் இல்ல, காலும் இல்ல. கணக்குப் பார்த்தா 130க்குக் கீழ வந்தாதான் முழு யானை. முதல் பயணத்துல எல்லாரும் "எட்டலியே"ன்னு கவலைப்படுவாங்க, பெரிய மிருகம் பக்கத்துல வர்றப்பதான் "அடங்கலியே"ன்னு அழுவாங்க.

அடுத்தது வெளிச்சம். இதுலதான் நான் வாங்கின அடி. என்னோட முதல் காட்டுப் பயணத்துக்கு ஒரு 150-600ஐ வாடகைக்கு எடுத்துட்டுப் போனேன். காசு குடுத்தாச்சேன்னு எல்லாத்தையும் 600லயே வெச்சு எடுத்தேன். விடியக்காலை, மரத்தடி இருட்டு, ஐஎஸ்ஓவை, அதான் சென்சாரோட ஒளி உணர்வை, ஏத்த பயம். லென்ஸ்லதான் ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு ஷட்டரை 1/320 வினாடியில விட்டுட்டேன். அது என் கை ஆட்டத்தை நிறுத்தும், சிறுத்தை காதை ஆட்டறதை நிறுத்துமா? வந்து பார்த்தா மரக்கிளை பிசிறில்லாம இருக்கு, சிறுத்தையோட முகம் மட்டும் ஈரக் கையால தடவின மாதிரி இருக்கு. இப்ப நானா இருந்தா அந்த இடத்துல 1/800க்குக் கீழ இறங்க மாட்டேன், ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் ஆகட்டும்னு விட்டுடுவேன். அதனால வர்ற நாய்ஸை, அந்தப் புள்ளிப்புள்ளியை, வீட்டுக்கு வந்து குறைச்சுக்கலாம். ஓடற மிருகத்துக்கு 1/1000லேருந்து ஆரம்பிங்க, பறக்கறதுக்கு 1/2000. எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் அதிக வெளிச்சம் விடும், ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி. எஃப் 5.6க்கும் 6.3க்கும் வித்தியாசம் மூணுல ஒரு ஸ்டாப்தான், அதை நெனச்சு தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம்.

வெயில் ஏறினதும் கானல் கெளம்பும். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற மானை 600ல எடுத்தா தண்ணிக்குள்ள பார்த்த மாதிரி வரும். லென்ஸ்தான் கோளாறுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போய், "ஒண்ணுமில்ல சார்"னு திருப்பி வாங்கிட்டு வந்தவன் நான். நடுப்பகல்ல தூரத்துல இருக்கறதைச் சும்மா பார்த்து ரசிங்க.

ஆனா உங்க கேள்வியில முக்கியமான வரி எதுன்னு கேட்டா, அந்த வலது தோள்தான். 200-500 ரெண்டு கிலோ முந்நூறு கிராம். சிக்மா ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கேமரா பாடியோட சேர்த்தா 200-500 மூணு கிலோ. 300 பிஎஃப் 755 கிராம்தான், கன்வர்ட்டரும் பாடியும் சேர்ந்தாலே ஒன்றே முக்கால் கிலோ தாண்டாது. கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் தின்னும், 420 எஃப் 5.6 ஆயிடும், உங்க பாடியில ஃபோகஸ் ஒழுங்கா நடக்கும். ஜீப்பில பீன்பேக் (தானியம் நிரப்பின துணிப்பை) மேல சாய்ச்சா கனம் தெரியாது. படகுல சாய்க்க எதுவும் இருக்காது, பறவை வர்ற வரைக்கும் கையில தூக்கிப் பிடிச்சே நிக்கணும்.

வாங்கறதுக்கு முன்னாடி 200-500ஐ ரெண்டு நாள் இரவல் வாங்குங்க, இல்ல வாடகைக்கு எடுங்க. தோள் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. என்னைக் கேட்டா, உங்களுக்கு 300 பிஎஃப்.

வால்காக்கை:

மாமா சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். பிஎஃப் போல ஜூம் இல்லாமல் ஒற்றை நீளத்தில் நிற்கும் லென்ஸை ஜீப்புக்கு எடுத்துப்போவது சூதாட்டம். எனக்கு நடந்தது: 400 மிமீ பிரைம் மாட்டியிருந்தேன், புதரிலிருந்து யானை நேராக வண்டிக்கு முன்னால் வந்தது. லென்ஸ் மாற்றி முடிப்பதற்குள் யானை போய்விட்டது, புழுதி மட்டும் சென்சாரில் வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்ச நாள் எடுத்த வானத்தில் எல்லாம் புள்ளிகள்.

பிஎஃப்தான் என்றால் இரண்டாவது பாடி ஒன்று இரவல் வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை. இன்னொன்று: சூரியனுக்கு எதிரே வைத்தால் பிஎஃப் லென்ஸில் வளையம் வளையமாக ஒளிச்சிதறல் வருவதுண்டு. மற்றபடி அருமையான கண்ணாடி.

பீன்பேக்கைக் காலியாக மடித்து எடுத்துப்போங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஏதாவது தானியம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். விமானத்தில் கைப்பையை எடை போடும்போது இதன் அருமை தெரியும்.

மீன்கொத்தி:

கணக்கெல்லாம் சரி மாமா. ஆனா படகுக்காரர் மிதக்க விட்ட அந்த 15 மீட்டர்ல 600 இருந்தா 6.4 மிமீ. நான் என் கட்சியிலயேதான் இருக்கேன்.

கரடிமாமா:

தோள் நல்லா இருக்கிறவங்க கட்சி அது. இருங்க இருங்க.

தவிட்டுக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. மாமா (நானும் அப்படியே கூப்பிடுகிறேன்), நீங்கள் சொன்ன மாதிரியே தெரிந்தவர் ஒருவரிடம் 200-500 இரவல் வாங்கிப் பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் துணிமூட்டை போட்டுச் சாய்த்தபோது கால் மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. படங்களும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. கையில் தூக்கிக்கொண்டு பருந்தைத் துரத்தியபோது நான்காவது நிமிடம் தோள் விண்ணென்று இழுத்தது. இரண்டாவது நாள் காலையில் சீப்பு எடுத்துத் தலை வாரவே கஷ்டமாகிவிட்டது. அதனால் முடிவு செய்துவிட்டேன்: 300 பிஎஃப், கன்வர்ட்டர், இரண்டும் வாடகைக்கு. சித்தப்பா தன் பழைய நிக்கான் டி90 கேமராவைத் தருகிறேன் என்றார். அதில் என் 70-300ஐ மாட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். யானை வந்தால் தயார்!

கரடிமாமா:

நில்லுங்க நில்லுங்க. உங்க 70-300 ஏஎஃப்-பி தானே? டி90ல அது ஃபோகஸே ஆகாது. ஆட்டோவும் இல்ல, கையால திருப்பினாலும் இல்ல. அந்த மோட்டாரை ஓட்ட பழைய பாடிகளுக்குத் தெரியாது. அங்க போய் மாட்டியிருந்தா யானை முன்னாடி தலையில கை வெச்சுட்டு உக்காந்திருப்பீங்க.

உங்க 18-140 இருக்கில்ல, அதை டி90ல மாட்டுங்க. அது ஏஎஃப்-எஸ், பழைய பாடிக்கும் தெரிஞ்ச மோட்டார், ஒழுங்கா ஓடும். 25 மீட்டர் யானைக்கு 100 மிமீ வெச்சா 12 மிமீ விழும், சுத்தி கொஞ்சம் காடும் தெரியும். 70-300ஐ வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.

தவிட்டுக்குருவி:

ஐயோ, நல்லவேளை கேட்டேன். இன்றைக்கு மாலையே சித்தப்பா வீட்டுக்குப் போய் 18-140ஐ மாட்டிப் பார்த்துவிடுகிறேன். டி90க்கு என் டி7500 பேட்டரியே சேருமா மாமா?

கரடிமாமா:

சேராது. சார்ஜரையும் கேட்டு வாங்கிடுங்க. பேட்டரி பழசாத்தான் இருக்கும், ஒரு நாள் முழுக்கத் தாங்குதான்னு வீட்டுலயே ஓட்டிப் பாருங்க. உதிரி பேட்டரி எல்லாத்தையும் கைப்பையிலதான் வெக்கணும், பெட்டியில போட்டா விமான நிலையத்துல பெட்டியைப் பிரிக்கச் சொல்லுவாங்க.