புளியரைக் கோழி: புதுப்பிப்பு

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச்சாவடி தாண்டி, மலைச்சாலை ஓரத்தில் அட்டைப்பெட்டியோடு யாரோ விட்டுப்போன கோழியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். காலில் சின்னக் கொலுசு, கூப்பிட்டால் மடியில் ஏறும். ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்ததுதான். செங்கோட்டைப் பக்கமும் ஆரியங்காவுப் பக்கமும் விசாரித்தோம், யாரும் வரவில்லை. சரி, இனி அது எங்கள் வீட்டுப் பிள்ளை.

கிடைத்தபோது அதன் கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தது. அதற்குக் காரணம் செதிலுக்கு அடியில் வாழும் நுண்ணிய பூச்சி. கால்நடை மருத்துவர் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி வந்தோம். எண்ணெய் மூடினால் பூச்சிக்கு மூச்சு முட்டும். செதிலைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் வரும்.

நான்கு வாரம் எங்கள் கோழிகளிடமிருந்து தள்ளியே வைத்தோம். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் ஒரு கோழிக்கு வந்தால் கூட்டமே போய்விடும். தனியாகக் கிடந்து அது கத்தியதை அம்மாவால் தாங்க முடியவில்லை. கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் தினமும் வெங்காயம் உரிப்பார்.

நேற்று முதல் முட்டை! ஓடு ரொம்ப மெலிசு. ஓடு கெட்டியாக, இன்றிலிருந்து தீவனத்தோடு சுண்ணாம்புச் சத்துள்ள கிளிஞ்சல் தூளும் வைக்கிறோம்.