சமன்பாடு சரி, முக்கோணத்தைக் காணோம்

பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் டீச்சர்:
படிவம் 1 பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளியில் சுற்றளவு, பரப்பளவு எல்லாம் மளமளவென்று போட்ட பிள்ளைகள்தான். இடைநிலைப்பள்ளியில் அதே செவ்வகம் மலாய் வாக்கியமாக வந்து நின்றதும் திணறுகிறார்கள்.

போன வாரம் கொடுத்தது: செவ்வகத்தின் சுற்றளவு 56 செ.மீ.; நீளம், அகலத்தின் இரு மடங்கைவிட 4 செ.மீ. அதிகம். ஒரு பையன் நீளத்தை நீ, அகலத்தை அ என்று வைத்து 2நீ + 2அ = 56 என்று எழுதினான். அதற்குக் கீழேயே நீ + அ = 28. இரண்டு சமன்பாடு வந்துவிட்டதாம். தீர்க்கப் போனால் 0 = 0. “டீச்சர், விடை பூஜ்யமா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இரண்டும் சொல்வது ஒரே செய்திதான். வரைபடத்தில் போட்டால் ஒரே கோடு. வெட்டிக்கொள்ள இன்னொரு கோடே கிடையாது. “கேள்வியில் நீளத்தைப் பற்றிச் சொன்னதைத் தொடவே இல்லையேடா” என்றேன். நீ = 2அ + 4 எழுதினான். பிறகென்ன, 3அ = 24. அகலம் 8, நீளம் 20.

செந்தூல் அப்பா:
எங்கள் வீட்டில் வேறு கதை டீச்சர். நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து இரண்டு கோணம். ஒன்று, மற்றதன் மூன்று மடங்கைவிட 20 பாகை குறைவு. “ஒரு சமன்பாடுதான்பா வருது, கேள்வியே தப்பு” என்று மகள் பென்சிலைப் போட்டுவிட்டாள். படத்தைக் காட்டினேன். நேர்கோடு என்றால் கூட்டுத்தொகை 180. 130, 50 வந்தது. தப்பு என்று சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

கெப்போங் அண்ணன்:
கேள்வியே தப்பாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். தம்பியின் பயிற்சித்தாளில் இருசமபக்க முக்கோணம், சுற்றளவு 24 செ.மீ., அடிப்பக்கம் சமபக்கத்தைவிட 6 செ.மீ. அதிகம். போட்டால் 6, 6, 12. விடைப்பக்கத்திலும் அதேதான். வரைந்து பாருடா என்றேன். 12 செ.மீ. கோடு போட்டு, இரு முனையிலும் கவராயத்தை ஊன்றி 6 செ.மீ. வில் வரைந்தான். இரண்டு வில்லும் அந்தக் கோட்டின் மேலேயே போய் முட்டின. முக்கோணமே இல்லை! இரண்டு பக்கம் சேர்ந்தால் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டுமே. ‘6 செ.மீ. அதிகம்’ என்பதற்குப் பதில் 3 என்று கொடுத்திருந்தால் 7, 7, 10 என்று ஒழுங்காக வந்திருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் டீச்சர்:
தம்பி, அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்புங்கள். எண்ணை மாற்றாமல் அப்படியே கொடுக்கப்போகிறேன். கவராயத்தோடு வாருங்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்.