கத்தரிப்பூ நிறச் சக்கரம்: கையால் செய்த கொடிகளும் கோடைத் தோட்டமும்

தங்கச்சிமடம் ஆசிரியை:

மல்லிகைப் பதியன் போட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் ஊரில், தேசியக் கொடிக்குள் வைத்துக் கட்டும் பூவிதழுக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் சென்ற ஆகஸ்ட் 15 அன்று நடந்தவற்றில் என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது பூ அல்ல; கடல் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் பனங்குருத்தோலையில் முடைந்து கொண்டுவந்த, உள்ளங்கை அகலமே இருந்த ஒரு கொடி.

மேல் பட்டைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்திருந்தான். நடுவில் ஓலையின் வெண்மை. கீழே முருங்கைக்கீரைச் சாறு. கோடை விடுமுறை முழுவதும் பள்ளிக்கு வந்து தண்ணீர் ஊற்றி, சுற்றுச்சுவரில் அவனே படரவிட்ட சங்குப்பூவைக் கசக்கி, ஈர்க்கு முனையால் சக்கரம் வரைந்திருந்தான். சாயம் நிற்கட்டும் என்று அவனுடைய பாட்டி எலுமிச்சை பிழியச் சொன்னாராம். நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

விழாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கரம் கருநீலமாக இருக்க வேண்டும் தம்பி, இதை வெளியே காட்டாதே" என்றார். பையன் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் நீட்டி, "டீச்சர், 24 ஆரமும் இருக்கு, எண்ணிப் பாருங்க" என்றான். அத்தனை பேருக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். 24 இருந்தன. பெரியவர் சொன்னது சரிதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

கீழக்கரை மாடித்தோட்டம்:

சகோதரி, பெரியவர் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை. சக்கரம் கருநீலம், ஆரங்கள் 24, நீளத்துக்கும் அகலத்துக்கும் 3:2 என்பவை மாறாத அளவுகள். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட வடிவம் அது. ஆனால் குழந்தை ஓலையில் முடைந்ததைக் கம்பத்தில் ஏற்றப்போவதில்லையே. 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு, தேசிய விழாக்களில் காகிதக் கொடியை மக்கள் கையில் ஏந்தி அசைக்க இடம் தருகிறது. விழா முடிந்ததும் அதைத் தரையில் வீசக் கூடாது என்றும் சொல்கிறது. தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

எங்கள் தெருவில் பிள்ளைகள் மைதாப் பசை காய்ச்சி, சணல் கயிற்றில் காகிதக் கொடிகளை வரிசையாக ஒட்டி இரண்டு மாடிகளுக்கு இடையே கட்டினார்கள். தேசியக் கொடியைத் தோரணமாகக் கட்டுவதற்கே அனுமதி இல்லை என்பது வேறு கதை. ஆடி முடியும் நேரத்துக் காற்று, கேட்க வேண்டுமா? மறுநாள் காலையில் மாடியில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கீழே பார்க்கிறேன்: ஓர் ஆடு, பசையின் ருசிக்காக, ஒரு கொடியைக் காவிப் பக்கத்திலிருந்து நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. என் உம்மா படியிறங்கி ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பிடுங்கினார். மிஞ்சியது பச்சைப் பட்டை மட்டும். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அவர் தெருவில் நின்ற கோலம் இன்னும் என்னை உறுத்துகிறது. பெரியவர்கள் கண்டிக்க வேண்டியது கத்தரிப்பூ நிறத்தை அல்ல, இதைத்தான்.

மண்டபம், ஓய்வுபெற்றவர்:

என் அனுபவம் சிறியது. ஒரு வீட்டு முற்றத்தில் கடற்கரைச் சிப்பிகளைச் சாயத்தில் தோய்த்து மூவண்ணமாகப் பதித்திருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. அதைச் சுற்றிக் கரை கட்டியிருந்தவை பவளப்பாறைத் துண்டுகள். "கரையில் ஒதுங்கியதுதானே ஐயா" என்றார் வீட்டுக்காரர். ஒதுங்கியதானாலும் பவளப்பாறையை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நாட்டின் பெயரால் செய்யும் அலங்காரத்துக்கு நாட்டின் கடலையே பெயர்த்து வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

நிற்க. ஆசிரியை அவர்களின் பையனுக்குச் சில யோசனைகள். சங்குப்பூவின் நீலம் புளிப்புப் பட்டால் ஊதாவாகும், சுண்ணாம்பு பட்டால் பச்சையாகும்; எனவே எலுமிச்சையும் வேண்டாம், மஞ்சளுக்குக் குழைத்த சுண்ணாம்புக் கையோடு பூவைத் தொடவும் வேண்டாம். நம் கரையோரக் கிணற்று நீரை நம்பாமல், பிடித்துவைத்த மழைநீரில் கசக்கட்டும். ஓலையைப் படிகாரம் கரைத்த நீரில் முன்னதாக ஊறவைத்தால் மஞ்சள் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

கோடையில் செடியைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய வித்தை. நம் மணல் தண்ணீரை நிறுத்தாது. மேலே ஊற்றுவது வேருக்குப் போகும் முன் கீழே இறங்கிவிடும். சுட்ட மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், அது கசிந்து கசிந்து வேரை நனைக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் பக்கத்தில் பனையோலைத் தட்டி கட்டுங்கள். வெயிலைவிட உப்புக்காற்றுதான் இங்கே இலையைக் கருக்குகிறது. கரையொதுங்கிய கடற்பாசியை உரமாக்க நினைப்பவர்கள், உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே மட்க வைக்க வேண்டும். அரளி, நந்தியாவட்டை, சங்குப்பூ ஆகியவை தாங்கும். மல்லிகைக்கு மட்டும் சித்திரையில் மனம் இளகித் தண்ணீர் விடத்தான் வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு ஈர மணலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிக்கொண்டு, மொட்டு விரிவதற்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இத்தனை பாடும் படலாம் என்பது என் கட்சி.

தொண்டி:

மண்டபம் ஐயா, கேட்டது கொடியைப் பற்றி, தாங்கள் பானை புதைக்கச் சொல்லிவிட்டீர்கள். மழைநீர் யோசனையிலும் ஓர் இடறல் உண்டு. ஆகஸ்டில் நம் கரையில் மழைநீருக்கு எங்கே போவது? ஐப்பசியில் பெய்ததை அதுவரை யார் வைத்திருக்கிறார்கள்?

மஞ்சள் பற்றியும் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை படிகாரம் போட்டாலும் மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. எங்கள் வீட்டுப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் மஞ்சள் சாயம் ஏற்றிக் கொடி தைத்து, காலையில் வாசலில் கட்டினார்கள். மாலையில் அவிழ்க்கப் போனபோது மேல் பட்டை எது, நடுப் பட்டை எது என்று என் மகள் கேட்டாள். பச்சைப் பக்கத்தைப் பார்த்துத்தான் தலைகீழாகக் கட்டவில்லை என்று உறுதிசெய்ய முடிந்தது.

கீழக்கரைச் சகோதரிக்கு ஒரு கேள்வி: கொடிக்குள் பூவிதழ் வைக்கலாமா? எங்கள் ஊரில் ஒருவர் அதுவும் கூடாது என்கிறார்.

கீழக்கரை மாடித்தோட்டம்:

வைக்கலாம். கொடியில் எந்தப் பொருளையும் வைத்துக் கட்டக் கூடாது என்பது பொது விதி. விரிப்பதற்கு முன் உள்ளே பூவிதழ் வைப்பதற்கு மட்டும் ஆட்சேபம் இல்லை என்று அதே விதித்தொகுப்பு விலக்கு அளிக்கிறது. கொடியின் மேல் எதையும் எழுதத்தான் கூடாது.

தங்கச்சிமடம் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. மஞ்சள் வெளுக்கும் என்பதைப் பையனிடம் சொன்னேன். கொடியைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருப்பதால் இன்னும் வெளுக்கவில்லை என்கிறான். முருங்கைப் பச்சைதான் பழுப்பேறிவிட்டதாம். மண்டபம் ஐயா, பச்சைக்கு வேறு இலை ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். பானையைச் சுவரோரம் புதைத்தாகிவிட்டது.