குடும்பக் குழு: பெரியப்பாவின் கண்

பெரியம்மா: விழித்திரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இவர் நான்கு நாளாகக் குப்புறவே படுத்திருக்கிறார். சாப்பாடும் தலையைக் குனிந்தபடிதான். கழுத்து விண்விண் என்று வலிக்கிறதாம். கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கலாமா கவிதா?

கவிதா: வேண்டாம் பெரியம்மா! டாக்டர் சொன்ன நாள் வரை குனிந்தே இருக்கட்டும். கண்ணுக்குள் விட்டிருப்பது வாயு. அது எப்போதும் மேலே மிதக்கும். முகம் தரையைப் பார்த்தால்தான் குமிழி கண்ணின் பின்பக்கம் போய், பிரிந்த விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். கழுத்து வலியை கிளினிக்குக்கு போன் செய்து இன்றே சொல்லுங்கள்.

பிரகாஷ் அண்ணா: அடுத்த வாரம் திருச்சி கல்யாணத்துக்கு அப்பாவுக்கும் விமான டிக்கெட் போட்டாச்சு. போகலாம்தானே?

கவிதா: கூடவே கூடாது அண்ணா. விமானம் மேலே ஏறினால் கேபினில் காற்றழுத்தம் குறையும், குமிழி பெரிதாகும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். வாயு முழுக்கக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லட்டும்.

சித்தப்பா: என் நண்பருக்கு வாயுவுக்குப் பதிலாக எண்ணெய் வைத்தார்கள்.

கவிதா: சிலிகான் எண்ணெய் சித்தப்பா. அதை வெளியே எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். குப்புறப் படுப்பது, இன்னொரு அறுவை சிகிச்சை என்ற இந்த இரண்டு தொல்லையும் இல்லாமல் செய்யத்தான் நம் சிங்கப்பூர் ஒன்-நார்த்தில் ஏ*ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் கண் மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு ஜெல் உருவாக்கினார்கள். 2019ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. படித்த அன்று நான் அதை விட்டு நகரவே இல்லை. நம் கண்ணுக்குள் இயற்கையாக இருப்பதும் ஜெல்தான், பெரும்பகுதி தண்ணீர்.

பெரியம்மா: தீபாவளிக்கு நான் செய்யும் அகர் அகர் மாதிரியா?

கவிதா: அதேதான், ஆனால் தலைகீழ்! அகர் அகர் ஆறினால் கட்டியாகும். இது குளிர்ச்சியில் தண்ணீராக ஊசி வழியே போய், உடம்புச் சூடு பட்டதும் ஜெல்லாகும். இது பாலிமர், அதாவது சின்ன மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோத்த நீளமான மூலக்கூறு. அந்தச் சங்கிலியில் சில பகுதிகள் தண்ணீரோடு ஒட்டும், சில விலகும். சூட்டில் விலகுகிறவை தாமாகவே ஒன்றுகூடி நானோமீட்டர் அளவில் சின்னச் சின்ன உருண்டைகளாகும். அவை கைகோத்து வலையாகித் தண்ணீரைப் பிடித்துவைக்கும். தனியாகப் பசை எதுவும் சேர்ப்பதில்லை. முயல் கண்ணில் சோதித்தபோது ஜெல் மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் இயற்கை ஜெல் போன்ற ஒன்று உருவானது. குரங்குகளிடமும் சோதித்திருக்கிறார்கள்.

சித்தப்பா: கண்ணுக்குள் ஜெல் என்றால் பயமாக இருக்கிறதே மா.

கவிதா: உங்கள் மகள் போடும் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் ஹைட்ரோஜெல்தான், அதாவது தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஜெல்தான் சித்தப்பா. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டோ விக்டெர்லே என்ற செக் வேதியியலாளர் பிராகில் தன் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து இயந்திரம் செய்து அதை வார்த்தெடுத்தார்.

பெரியம்மா: இவருக்கு அந்த ஜெல்லை இப்போது வைக்க முடியாதா?

கவிதா: பெரியப்பாவுக்கு இப்போது வாயுதான் சிகிச்சை. அதை அப்படியே காப்பாற்றுவோம்.

பிரகாஷ் அண்ணா: அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நான் மட்டும் கல்யாணத்துக்குப் போய்வருகிறேன்.

பெரியம்மா: கிளினிக்கில் பேசினேன். முகம் வைக்க நடுவில் ஓட்டையுள்ள தலையணை வாங்கச் சொன்னார்கள். யாராவது இன்று வாங்கி வர முடியுமா?

சித்தப்பா: வேலை முடிந்து வரும்போது நான் வாங்கி வருகிறேன் அண்ணி. ஏழு மணிக்குள் வந்துவிடுவேன்.