சிடி மெதுவாகச் சுழன்றாலும் சுருதி இறங்காதது ஏன்?

கேள்வி

என்னிடம் பெல்ட்டில் ஓடும் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றும், மூடியில் கண்ணாடிச் சாளரம் வைத்த சிடி பிளேயர் ஒன்றும் உள்ளன. வயலின் பயிலும் என் மகள் ரெக்கார்டுடன் சேர்ந்து வாசிக்கும்போது, சுருதி எப்போதும் சற்று இறங்கியே ஒலிக்கிறது. அதே கச்சேரியின் சிடியில் இந்தக் குறை இல்லை. ஆனால் சிடியோ முதற்பாட்டில் விர்ரென்று சுழன்று, கடைசிப் பாட்டில் கண்ணுக்கே தெரியும்படி வேகம் தணிகிறது. அப்படியிருந்தும் சுருதி எவ்வாறு நிலைக்கிறது?

மறுமொழி 1

தாங்கள் கண்டது சரியே. சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கப்படுகிறது. லேசருக்கு எதிரே தடம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் ஒரே சீராக நகர வேண்டும் என்பதால், சுற்றளவு சிறிதாக உள்ள தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும், வெளி ஓரத்தில் ஏறத்தாழ 200 சுற்றும் தேவைப்படுகின்றன.

எனினும் சுருதி அந்த மோட்டாரின் கையில் இல்லை. சிடியில் ஒலி எண்களாகப் பதிந்துள்ளது. லேசர் படித்த அந்த எண்கள் முதலில் ஒரு சிறிய நினைவகத்தில் சேர்கின்றன. அங்கிருந்து குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்புக்கு ஏற்ப, நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் கணநேர அளவைக் குறிக்கும் எண்கள்) என்ற கணக்கில் வெளியே எடுக்கப்படுகின்றன. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டு ஏறினாலும் குழாயில் சீராக வருவதைப் போன்றது இது. நினைவகத்தில் இருப்பு குறைந்தால் மோட்டார் விரைவுபடுத்தப்படும், மிகுந்தால் தணிக்கப்படும். மோட்டார் சற்றே தடுமாறினாலும் அது காதுக்கு எட்டுவதில்லை.

மறுமொழி 2

ரெக்கார்டில் இந்தத் தொட்டி கிடையாது. ஊசி உணரும் அசைவே அந்தக் கணத்தில் ஒலியாகிறது. ஆகவே மோட்டாரின் பிழை அப்படியே சுருதியின் பிழையாகிறது. எல்பி எனப்படும் நீண்ட நேர ரெக்கார்டு தொடக்கம் முதல் இறுதிவரை நிமிடத்துக்கு 33⅓ சுற்றிலேயே ஓட வேண்டும். பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்த அத்தகைய பிளேயரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், ஐந்து கட்டையில் பாடியவர் ஏறத்தாழ மூன்று கட்டையில் ஒலிப்பார். பின்னாளில் ரெக்கார்டு பிளேயருக்கும் குவார்ட்ஸ் வந்தது. 1979இல் வெளியான டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே படிகம் காப்பது தட்டின் சுழற்சியை. சிடியில் காப்பது எண்கள் வெளிவரும் வேகத்தை.

தட்டின் ஓரத்தில் சிறு காகிதத்தை ஒட்டி, ரெக்கார்டை ஓடவிட்டு மூன்று நிமிடம் எண்ணிப் பாருங்கள். சரியாக 100 சுற்று வர வேண்டும்.

கேட்டவர்

இரண்டு முறை எண்ணினேன்; இரண்டு முறையும் 96தான். பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது அது தளர்ந்து, உட்புறம் வழவழப்பாகியிருந்தது. புதியது போட்டதும் 100 வந்துவிட்டது. மகளின் வயலினும் பாட்டும் இப்போது சேருகின்றன. ஆனால் ஒரே ஒரு ரெக்கார்டில் மட்டும் நீண்ட கார்வைகள் அலைபோல் ஏறி இறங்குகின்றன.

மறுமொழி 2

நான்கு விழுக்காடு என்பது அரைக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. மகளின் காது பிழையைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அந்த அலை ஏறத்தாழ 1.8 நொடிக்கு ஒருமுறை, அதாவது சுற்றுக்கு ஒருமுறை வந்தால், மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். ரெக்கார்டின் நடுத்துளை சற்று விலகியிருக்கலாம். ஓடும்போது ஊசிக்கை இடவலமாக ஊசலாடுகிறதா என்று மேலிருந்து பாருங்கள்.