கனடாவின் ஒன்டாரியோவுக்குப் பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு: உயில் விஷயத்தில் எங்கே சறுக்கும்

வீடு வாங்கிய பிறகு உயில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் சொத்தே இல்லாவிட்டாலும் உயில் தேவை. தாய், தகப்பன் இருவருமே இல்லாமல் போனால் பிள்ளையை வளர்க்கும் கார்டியன் யார் என்று அதில் எழுதி வைக்கலாம். கணவனும் மனைவியும் ஒரே ஆளையே எழுத வேண்டும். ஒரே விபத்தில் இருவரும் இறந்து, பெயர்கள் வேறுவேறாக இருந்தால் இரண்டு நியமனமும் செல்லாது. செல்லும் நியமனத்துக்கும் ஆயுள் 90 நாள்தான். அதற்குள் அவர் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். ஊரில் இருக்கும் சித்தியை எழுதுவதானால், அவர் விசா எடுத்து வந்து சேரும் காலத்தையும் யோசியுங்கள்.

உயில் இல்லாவிட்டால் முதல் 350,000 டாலர் கணவன் அல்லது மனைவிக்கு. மிச்சத்தில், பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் பணம் பெரும்பாலும் கோர்ட் கணக்கில் கிடந்து, 18 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். அந்த வயதில் அவ்வளவு பணம் நல்லதில்லை என்று நினைப்பவர்கள் உயிலிலேயே டிரஸ்ட் (பணத்தை ஒருவர் பொறுப்பில் வைத்து, நீங்கள் சொன்னபடி பிள்ளைக்குக் கொடுக்கும் ஏற்பாடு) வைக்கலாம்.

சாட்சி இரண்டு பேர், நீங்கள் கையெழுத்திடும்போது சேர்ந்தே இருக்க வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் உயில் நிற்கும், அந்தப் பங்கு பொதுவாகப் போய்விடும்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது ரத்து வாசகம். இங்கே லாயர் தயாரிக்கும் உயிலில் 'முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். மதுரை வீட்டுக்காக நீங்கள் எழுதி வைத்த உயிலும் அதோடு போச்சு. 'தமிழ்நாட்டுச் சொத்து குறித்து இன்ன தேதியில் எழுதிய உயில் நீங்கலாக' என்று சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஊரில் புதிதாக எழுதும்போது அங்கே பத்திரம் எழுதுபவரும் இதே வரியைப் போடுவார். அங்கேயும் ஒன்டாரியோ உயிலை விலக்கச் சொல்ல வேண்டும்.

இந்திய வங்கியில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டுமே. இங்கே இன்ஷூரன்ஸ், ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்பு), டிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) படிவங்களில் எழுதிய பெயருக்கு, உயிலைத் தொடாமலே பணம் போய்விடும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால் இப்போதே பாருங்கள். சிறு பிள்ளையின் பெயரைப் போட்டால் பணத்தை அதுவரை பார்த்துக்கொள்ளும் டிரஸ்டியையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் செத்த பிறகுதான் உயில் பேசும். கோமாவில் கிடந்தால் உதவாது. சொத்துக்கு ஒன்று, மருத்துவ முடிவுகளுக்கு ஒன்று என இரண்டு பவர் ஆஃப் அட்டர்னி (உங்களுக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) தனியாக வேண்டும். அவற்றில் உங்கள் கணவன், மனைவி, பிள்ளை யாரும் சாட்சியாக முடியாது.